முழங்கையைப் பூட்டிய கதை

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அது போதாதென்று இப்போது வலது முழங்கை மடங்காது, நீளாது. உள்ளங்கையைக் கவிழ்க்க முடியாது. ஒரு வரி எழுதக் கையை நகர்த்த வழியில்லை, இடது கையால் காகிதத்தைத்தான் இழுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருப் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். நல்ல கையெழுத்து உள்ளவர் ஒருவர் பிரதி எடுப்பாராம். அவர் பிழைகளைத் திருத்தட்டும். என் கோபத்தை அப்படியே விட்டுவிடட்டும்.

எங்கள் கல்மண்டபம் பக்கம் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள். கேட்காமலே சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. வாயால் சொல்ல எனக்கு வராது. இனிமேல் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏகாம்பரம். வயது நாற்பத்துநாலு. துறைமுகத்தில் இருபது வருஷம் மூட்டை இறக்கினேன். எங்கள் வேலைக்குக் கொக்கிதான் ஆயுதம். கட்டைப் பிடி போட்ட இரும்புக் கொக்கியை மூட்டையின் காதில் மாட்டி, கையை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். போன வருஷம் சித்திரை மாதம் ஒரு நாள், ரயில் வேகனுக்கும் மூட்டை அடுக்குக்கும் நடுவே போட்டிருந்த பலகை நழுவிற்று. உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் முழங்கையின் முனை பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. முன்கை குட்டையாகிவிட்டது போலத் தெரிந்தது.

மேஸ்திரி முனுசாமி ஓடி வந்தார். ஓடி வந்தது என்னைப் பார்க்க அல்ல, வேறு யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்க்க. விபத்து என்று புத்தகத்தில் ஏறினால் மேலே இருப்பவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். மூட்டு பிசகினதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று கேட்டார். எங்கள் ஆட்களில் யாருக்காவது தோள் கழன்றால், ஒருவன் இடுப்பைக் கட்டிப் பிடிக்க இன்னொருவன் கையை இழுத்து உட்கார வைப்பது வழக்கம். தோளுக்குப் பலமுறை அது பலித்திருக்கிறது. அன்றைக்கு என் முழங்கைக்கும் அதையே செய்தார்கள். மூட்டு உள்ளே போன சத்தம் எனக்குக் கேட்டது. கூடவே சுள்ளி ஒடிவது போல இன்னொரு சத்தமும் கேட்டது. இரண்டாவது சத்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது என் முதல் தப்பு.

மற்றதெல்லாம் என் மச்சான் தேவராஜின் தப்பு. என் மனைவி அம்சாவுக்கு அண்ணன் அவன். ராயபுரத்தில் ஒரு கசரத்துக் கூடம் வைத்திருக்கிறான். பையன்களுக்குக் கர்லாக் கட்டையும் குஸ்தியும் சொல்லிக் கொடுக்கிறான். சுளுக்கு எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவனுக்கு. மறுநாளே வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். காலையில் நல்லெண்ணெய் காய்ச்சி வீங்கிய இடத்தை இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி உருவுவான். எனக்குக் கண் இருட்டும். அது முடிந்ததும் ஓர் இரும்பு வாளியைக் கையில் தொங்கவிடுவான். வாளியில் கடற்கரை மணல் இருக்கும். மடங்கிய கை பாரத்தில் தானாக நீண்டுவிடுமாம். ஒவ்வொரு நாளும் ஒரு கை மணல் கூடும்.

லங்கோடு கட்டிய பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் அவன் கேட்பான்.

"போதுமா மாப்ளே?"

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். துறைமுகத்தில் வேலை செய்கிறவன், அவர்கள் அப்பன் வயதுக்காரன், ஒரு வாளி மணலுக்கு வாய் விட்டுக் கத்துவதா என்று கூச்சம்.

"இன்னும் ஒரு கை போடு மச்சான்."

பையன்கள் சபாஷ் என்றார்கள். தேவராஜ் மணலை அள்ளிப் போட்டான். இது நாற்பது நாள் நடந்தது. கடைசியில் கை அரையும் குறையுமாக மடங்கிய இடத்தில் கல்லாக இறுகி நின்றது. மணல் வாளியை மாட்டினாலும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அம்சா அண்ணனை எதிர்த்துப் பேசி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவனும் கூடவே வந்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. காலை ஆறு மணிக்குப் போய்ச் சீட்டு வாங்கினோம். பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கும்போது பத்து மணி. பினாயில் வாடையும், பழைய கட்டு அவிழ்க்கிற வாடையும். ஒவ்வொருவரும் தன் உடைந்த இடத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவன் எவ்வளவு உடைந்திருக்கிறான் என்று அளந்துகொண்டிருந்தார்கள். நானும் அளந்தேன். என்னைவிட மோசமானவர்களைப் பார்த்து ஆறுதல் அடைந்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் அறையில் சில்லென்ற பலகையில் கையை வைக்கச் சொன்னார்கள். நேராக வை என்று அந்த ஆள் மூன்று தரம் அதட்டினான். நேராக வைக்க முடிந்தால் நான் ஏன் அங்கே வரப் போகிறேன்? இதையும் நான் அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நரைத்த தலை, மெதுவான குரல். என்னை ஆள் என்று மதித்துப் பேசிய முதல் மனிதர் அவர்தான் என்பதால் அவர் சொன்னது எல்லாம் நினைவில் இருக்கிறது. மேற்கையில் எலும்பு ஒன்றுதான். முன்கையில் இரண்டு. சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல்முனை கொக்கி போல வளைந்து, மேற்கை எலும்பின் அடியில் உள்ள உருளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கை கதவு மாதிரி மடங்கி நீள்கிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் வேலை வேறு. அது இருந்த இடத்தில் சுழல்கிறது. உள்ளங்கையை மலர்த்துவதும் கவிழ்ப்பதும் அதனால்தான். இருபது வருஷம் வெளியே கொக்கி பிடித்தவனுக்கு உள்ளேயும் ஒரு கொக்கி இருந்தது தெரியாமல் போயிற்று.

விழுந்த அன்று அந்தக் கொக்கி உருளையை விட்டுக் கழன்றிருக்கிறது. இழுத்து உட்கார வைத்தபோது ஒரு துண்டு உடைந்திருக்கிறது. இது இரண்டும் பெரிய விஷயமில்லை, மூன்று வாரம் அசைக்காமல் கட்டி வைத்திருந்தால் தேறியிருக்கும் என்றார் டாக்டர். பிறகு படத்தில் மூட்டுக்கு முன்னால் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டினார். அதுவும் எலும்புதானாம். அடிபட்ட சதைக்குள் ரத்தம் கட்டி இருக்கும்போது அதைத் தேய்த்தும் இழுத்தும் புண்படுத்தினால், அந்தச் சதையே எலும்பாக மாறிவிடுமாம்.

"எண்ணெய் போட்டு உருவினாயா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் முந்திக்கொண்டான்.

"இல்லீங்க சார். சும்மா ஒத்தடம் குடுத்தோம், அவ்ளோதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்சா அண்ணனைப் பார்த்தாள். அந்த ஒரு பொய்க்காக அவனை நான் வெறுத்த அளவு மணல் வாளிக்காகக்கூட வெறுக்கவில்லை.

வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வண்ணாரப்பேட்டை ஜட்காக்காரர் ஒருவர். குதிரை தள்ளியதில் காறை எலும்பு முறிந்து, முதுகுப் பக்கமாகத் தோளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் நாள் முழுவதும் போலீஸ் அதிகாரி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்து எல்லோரையும் கிண்டல் செய்வார். "இன்னா மாமு, உன் கை யாரையோ கூப்டுகினே கீது" என்பார் என்னை. வார்டே சிரிக்கும். அவர் குணமாகிப் போகிறவரை நான் அவரோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

முதல் ஆபரேஷனில் அந்த வேண்டாத எலும்பைச் செதுக்கி எடுத்தார்கள். முகத்தில் துணி போட்ட வலையைக் கவிழ்த்து மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கழுத்தை நெரிப்பது போல இருந்தது. எழுந்தபோது முழங்கை அசைந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் டாக்டரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. மூன்று வாரம் கழித்துப் புண் ஆறியதும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னார். உருளை தேய்ந்து நைந்து போயிருக்கிறது. இந்த மூட்டு இனிமேல் மூட்டாக உழைக்காது. விட்டுவைத்தால் சில மாதத்தில் வலியோடு தானாகவே இறுகும், எந்தக் கோணத்தில் இறுகும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் நாமே எலும்போடு எலும்பைச் சேர்த்து ஒரு கோணத்தில் பூட்டிவிடலாம். வலி இருக்காது, பலம் இருக்கும். ஒரு தரம் பூட்டினால் பூட்டினதுதான், உள்ளங்கை சுழல்வதும் அதோடு போகும். எந்தக் கோணம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பார்த்த பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்றுகூட என்னிடம் கேட்கவில்லை.

எனக்குப் புரியட்டும் என்று அவர் ஒரு வழி செய்தார். நாலு நாள் கையை ஏறக்குறைய நீட்டி வைத்து மாவுக்கட்டுப் போடுவது, பிறகு நாலு நாள் நன்றாக மடக்கிப் போடுவது. இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டு வியாழக்கிழமை சொல் என்றார்.

நீட்டிய கட்டுப் போட்ட இரண்டாம் நாள் மேஸ்திரி முனுசாமி வந்தார். விழுந்ததற்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக வருகிறார். தேவராஜ் போய்ச் சொல்லி அழைத்து வந்திருக்கிறான். மேஸ்திரியின் துண்டுக்குள் என்னுடைய கொக்கி இருந்தது. அதை என் விரல்களில் மாட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியைக் காட்டி இழுக்கச் சொன்னார். இழுத்தேன். மூட்டு அசையாததால் பாரம் முழுவதும் தோளுக்குப் போயிற்று. பெட்டி சர்ரென்று வந்தது.

"பார்த்தியா, சோக்கா இழுக்கறான்," என்றார் மேஸ்திரி. "டேய் ஏகாம்பரம், இப்டியே வச்சிக்கினு வா. அடுத்த நாளே சேத்துக்கறேன். மடக்கிக்கினு வந்தே, அந்தக் கைக்கு எங்கிட்ட வேலை இல்ல."

தேவராஜ் வார்டில் இருந்தவர்களை எல்லாம் பெருமையாகப் பார்த்தான், தன் பையன் ஒருவன் குஸ்தியில் ஜெயித்தது போல. இரண்டு பேரும் என் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். அதன் மறு முனையில் நான் இருந்தது அவர்களுக்கு நினைவில்லை. அவர்கள் போன பிறகு என் மூக்கில் ஈ உட்கார்ந்தது. வலது கையைத் தூக்கினேன். கொடிக்கம்பம் மாதிரி நேராக எழுந்து நின்றது. முகத்துக்கு வரவில்லை.

அந்த நாலு நாளும் அப்படித்தான். பெட்டியை இழுக்கலாம், தண்ணீர் வாளியைத் தூக்கலாம். சட்டைப் பொத்தான் எட்டாது. நெற்றியில் திருநீறு வைக்க முடியாது. சாப்பாடு என்றால் அம்சா ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடது கையால் தின்ன வேண்டும். கால் கழுவுகிற கையால் சோறு எடுக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. நாற்பத்துமூன்று வயதில் வார்டு முழுக்கப் பார்க்க வாயைத் திறந்து காட்டினேன். ஜட்காக்காரர் ஒவ்வொரு உருண்டைக்கும் "ஆ காட்டு ராஜா" என்றார். நான் இரண்டு உருண்டையோடு பசியில்லை என்று சொல்லிவிடுவேன். அம்சா பாத்திரத்தை மூடுவாள்.

பிறகு மடக்கிப் போட்டார்கள். செங்கோணத்தைக் காட்டிலும் இன்னும் கொஞ்சம் உள்ளே, கட்டைவிரல் மேலே பார்க்கிறபடி. கொக்கி பிடித்துப் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். கையால் முடியவில்லை, பெட்டியோடு நான்தான் முன்னால் சாய்ந்தேன்.

அன்று மத்தியானம் அண்ணன் வைத்துவிட்டுப் போன கேரியரிலிருந்து அம்சா சோறும் வஞ்சிரக் குழம்பும் எடுத்தாள். வழக்கம் போல உருட்டவில்லை. கட்டிலில் இலையைப் போட்டாள், பரிமாறினாள். பிறகு வார்டுக்கும் எனக்கும் நடுவே வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். புடவைத் தலைப்பை விரித்து மறைவாகப் பிடித்துக்கொண்டாள். யாரும் என்னைப் பார்க்க முடியாது. அவளும் பார்க்கவில்லை. உடம்பை இலைக்குக் குனித்துச் சோற்றை எடுத்தேன். பாதி சிந்திற்று. மீதி வாய்க்கு வந்தது. மூன்று மாதம் கழித்து என் கையால் நான் தின்ற சோறு. இலை காலியாகும் வரை அவள் திரும்பவில்லை. முடிந்ததும் "ஆச்சாய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

எது வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். வேலைக்கு நீ போனாலும் நான் போனாலும் ஒன்றுதான், உன் கையை நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். புளிக் கிடங்கில் கொட்டை எடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். பின்னால் நர்ஸம்மா, படிக்கிற டாக்டர்கள் நாலைந்து பேர். இந்தப் பக்கம் அம்சா, தேவராஜ். என்ன முடிவு செய்தாய் என்று டாக்டர் கேட்டார்.

"நேராவே வச்சுடுங்க சார்," என்றான் தேவராஜ். "உழைக்கிற கை. மேஸ்திரிகிட்டயும் பேசியாச்சு."

டாக்டர் குனிந்து எழுதப் போனார். அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் நான் பேச வேண்டும். மணல் வாளி என் கண் முன்னால் தொங்கியது.

"மடக்கி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் நிமிர்ந்தார். இன்னொரு தரம் சொன்னேன். "மடக்கி வைங்க சார். சோத்துக்கு எட்டணும்."

தேவராஜ் சிரித்துவிட்டு நர்ஸம்மாவைப் பார்த்துச் சொன்னான். "சோறு துன்னக் கை வோணுமாம். அந்தச் சோறு எங்கேருந்து வரும்னு கேளுங்க."

"கை என்னுது மச்சான்," என்றேன். பிறகு டாக்டரிடம், அவர் என்றைக்கோ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "எண்ணெ போட்டு உருவினாரு சார். நாப்பது நாளு. மணல் வாளியும் மாட்டினாரு. இன்னும் போடுன்னு நான்தான் சொன்னேன்."

தேவராஜ் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதுவரை தினமும் ராயபுரத்திலிருந்து நடந்தே சோறு கொண்டு வந்தவன் அவன்தான், அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. அன்றிலிருந்து அவன் வரவில்லை. அம்சாவே கொண்டு வந்தாள்.

இரண்டாவது ஆபரேஷனும் மூன்று மாத மாவுக்கட்டும் முடிந்து வீட்டுக்கு வந்தேன். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. வலி இல்லை. மேஸ்திரி சொன்னபடியே சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது திருவொற்றியூர் சாலையில் ஒரு மரக் கிடங்கில் கதவு காக்கிறேன். அம்சா புளிக் கிடங்குக்குப் போகிறாள். சாயங்காலம் அவள் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். தேவராஜ் கேட்ட கேள்விக்கு அந்த விரல்கள்தான் பதில். அதைப் பார்க்கும்போது நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்கிற உரிமை அவனுக்கு இல்லை.

இன்றைக்கு அவன் பெண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் முறையில்லை என்றாலும் அத்தை புருஷன் போகாமல் இருக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்தேன். கசரத்துக் கூடத்துப் பையன்கள் பரிமாறினார்கள். சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தேவராஜே என் வரிசைக்கு வந்தான். ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. என் இலையில் சோற்றைக் கொட்டினான். மறுபடி கொட்டினான்.

"நல்லா துன்னு மாப்ளே. அதுக்குத்தானே கைய மடக்கி வச்சுக்கினே," என்றான். பந்தி சிரித்தது. மூன்றாம் முறை கரண்டியை விட்டான்.

போதும் என்பதற்கு இலைக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவது வழக்கம். வாயால் சொல்லத் தேவையில்லை. கூச்சப்படுகிறவனுக்கு அது எவ்வளவு வசதி என்று கை போன பிறகுதான் தெரிகிறது. என் கை கவிழாது. தோளை உயர்த்திக் கவிழ்க்கலாம் என்றால் பக்கத்தில் இருப்பவர் விலாவில் முழங்கை இடிக்கும். இடது கையை இலைக்கு மேலே நீட்டுவது மரியாதையில்லை. கூடையில் இன்னும் சோறு இருந்தது. நாலாவது தரம் கரண்டி இறங்கியது.

"போதும் மச்சான்," என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. கடைசி இலை வரை திரும்பிப் பார்த்தார்கள். அவன் கரண்டி இலைக்கு மேலே நின்றது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் பார்வையை எடுத்துக்கொள்ளும் வரை பார்த்தேன். கரண்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான். நான் குனிந்து, வலது கையால், எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பென்சில் தேடி எடுத்தேன்.

1956 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.